பசியை அளந்தவர்கள் – 7: அம்மாவின் தட்டு

இதுவரை: 1967 ஏப்ரலில் மிசிசிப்பி டெல்டாவின் குடிசை ஒன்றில் செனட்டர் ராபர்ட் கென்னடி மண்டியிட்டு அமர்ந்தார். தரையில் சிந்திக் கிடந்த பருக்கைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கறுப்பினக் குழந்தை, அவர் எவ்வளவு கூப்பிட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்தக் காட்சி அமெரிக்காவை உலுக்கியது. ஃபுட் ஸ்டாம்ப் என்ற உணவுக் கூப்பன் திட்டம் விரிந்தது. கூப்பனைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. பத்தாண்டு கழித்து அதே ஊர்களுக்குத் திரும்பிப் போன மருத்துவர்கள், வற்றிய உடம்புகளை முன்போல் அதிகம் பார்க்கவில்லை என்று எழுதினார்கள்.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

★

கணக்கு எங்கே?

1982ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு அந்த நாடு அப்படியொரு எண்ணைக் கண்டதில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் ரீகன் அரசு ஃபுட் ஸ்டாம்புக்கும் பள்ளி மதிய உணவுக்குமான நிதியை வெட்டியிருந்தது.

வேலையும் போய், உதவியும் குறைந்தால் மக்கள் எங்கே போவார்கள்? தேவாலயங்களின் கீழ்த்தளங்களில் நடந்த இலவசச் சாப்பாட்டுக்கூடங்களுக்குப் போனார்கள். நம் ஊரில் பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி திறப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். முன்பு வீடற்ற ஆண்கள் மட்டும் நின்ற வரிசையில் இப்போது கைக்குழந்தையோடு பெண்கள் நின்றார்கள். ஊருக்கு ஊர் இதே செய்தி. வரிசை நீள்கிறது என்று பாதிரியார்களும் மேயர்களும் சொன்னார்கள்.

1983 டிசம்பரில் அதிபரின் ஆலோசகர் எட்வின் மீஸ் செய்தியாளர்களிடம் பேசினார். பட்டினி கிடக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று காட்டும் அதிகாரபூர்வமான கணக்கு எதையும் தான் பார்த்ததில்லை என்றார். காதில் விழுவதெல்லாம் ஆங்காங்கே சொல்லப்படும் கதைகள் என்றார். இலவசச் சாப்பாட்டுக்கூடங்களுக்குப் போகிறவர்களில் சிலர், காசு கொடுக்க வேண்டாமே என்பதற்காகத்தான் போகிறார்கள் என்றும் சொன்னார்.

நாடே கொந்தளித்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருந்தபோது சொன்ன பேச்சு அது.

அவர் சொன்னதில் இரக்கம் இல்லை என்று எல்லோரும் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் பங்கு கொள்ளாமல் இந்தப் பகுதியை என்னால் எழுத முடியவில்லை. ஆனால் அவர் பேச்சின் முதல் பாதி பொய் அல்ல. கணக்கு உண்மையிலேயே இல்லை! விளைந்த கோதுமையை மூட்டை மூட்டையாக எண்ணத் தெரிந்த நாட்டில், சாப்பிடாமல் படுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண ஒரு முறை இல்லை.

அதே 1983 செப்டம்பரில் ரீகன் ஒரு குழுவை அமைத்திருந்தார். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேலாண்மைப் பள்ளியின் தலைவராக இருந்த பொருளியலாளர் கிளேபர்ன் லா ஃபோர்ஸ் அதற்குத் தலைவர். உணவு உதவி குறித்து ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்பது கட்டளை.

1984 ஜனவரியில் அறிக்கை வந்தது. நாட்டில் பசி இருக்கிறது என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் எங்கும் பரவிக் கிடக்கிறது என்ற குற்றச்சாட்டை நிரூபிக்க ஆதாரம் இல்லை என்றது.

அறிக்கையின் நடுவே ஒரு பத்தி. பெரிய தலைப்புச் செய்தி எதுவும் அதைத் தொடவில்லை. இந்தத் தொடரின் போக்கை மாற்றியது அந்தப் பத்திதான் என்பேன்.

பசி என்ற ஒரே சொல்லை மக்கள் இரண்டு பொருளில் சொல்கிறார்கள் என்று குழு எழுதியது. ஒன்று மருத்துவர் சொல்வது: உடல் இளைத்து, வளர்ச்சி குன்றி, நோயாகத் தெரிவது. இன்னொன்று சாதாரண மக்கள் சொல்வது: நல்ல சாப்பாடு வேண்டும்போது அதை வாங்க வழியில்லாமல் போவது. உடம்பில் எந்த அடையாளமும் தெரியாவிட்டாலும் அதுவும் பசிதான். இந்த இரண்டாவது பசியை அளக்க நேரடியான புள்ளிவிவரம் எதுவும் கிடையாது.

பசியை மறுக்கிறார்கள் என்று பழிக்கப்பட்ட ஒரு குழு, எங்கே தோண்ட வேண்டும் என்று அடையாளம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது.

★

உடைந்த அளவுகோல்கள்

அதுவரை கையில் என்னென்ன இருந்தன?

மருத்துவரின் தராசும் உயரக் கோலும் இருந்தன. எடை, உயரம், ரத்தத்தில் இரும்பு. இவை பிழையற்றவை, ஆனால் தாமதமானவை. குழந்தையின் கை மெலிந்த பிறகுதான் அவை பேசும். அதற்கு முன் அந்த வீட்டில் எத்தனை மாதம் அடுப்பு தயங்கித் தயங்கி எரிந்தது என்பது தராசுக்குத் தெரியாது. போதாததற்கு, அமெரிக்க ஏழை வீடுகளில் மலிவான மாவும் சர்க்கரையும் கொழுப்பும் வயிற்றை நிரப்பின. உடம்பு பருத்திருக்கும்; உள்ளே சத்து இருக்காது. தராசு அந்த வீட்டைப் பார்த்து இங்கே குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடும்.

வறுமைக் கோடு இருந்தது. மலிவான சாப்பாட்டுத் திட்டம் ஒன்றின் செலவை மூன்றால் பெருக்கி மாலி ஓர்ஷான்ஸ்கி போட்ட கோடு. அது வருமானத்தைத்தான் சொல்லும். கோட்டுக்குக் கீழே இருந்தும் பாட்டி வீட்டுத் தோட்டத்தால் பசியாறும் குடும்பம் உண்டு. கோட்டுக்கு மேலே இருந்தும் ஒரு மருத்துவமனைக் கட்டணத்தால் மாதக் கடைசியில் உலை வைக்காத குடும்பமும் உண்டு.

1985இல் ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த லாரி பிரவுன் தலைமையில் மருத்துவர்கள் நாடெங்கும் சுற்றி வந்து, 2 கோடி அமெரிக்கர்கள் பசியால் வாடுகிறார்கள் என்று அறிவித்தார்கள். அவர்கள் கண்ணால் கண்டது உண்மை. எண்ணோ, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தும் ஃபுட் ஸ்டாம்ப் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கிலிருந்து ஊகித்தது. அடுத்த ஆண்டு பசி மிகுந்த 150 மாவட்டங்கள் என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் அந்த முறையைப் பிரித்துப் பார்த்துக் குறை சொன்னது.

நல்லவர்கள் சொன்ன எண் தவறாகிப் போனால் நட்டம் ஏழைக்குத்தான். எண் விழுந்ததும், அதோடு சேர்ந்து அவர்கள் கண்ட காட்சிகளும் விழுந்துவிடுகின்றன.

வேளாண் துறையின் உணவு ஆய்வில் 1977 முதல் ஒரே ஒரு கேள்வி இருந்தது. உங்கள் வீட்டில் விரும்பியது போதுமான அளவு கிடைக்கிறதா, போதுமான அளவு கிடைத்தும் விரும்பியது கிடைப்பதில்லையா, சில சமயம் போதவில்லையா, பல சமயம் போதவில்லையா? நான்கு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரடியாக மக்களிடமே கேட்டது என்ற வகையில் அது பெரிய காரியம். ஆனால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு அவதி ஒரே கேள்வியில் அடங்குமா?

★

சமையலறை மேசையில்

நியூயார்க் என்றதும் நமக்கு வானளாவிய கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். அந்த மாநிலத்தின் வடபகுதி வேறு உலகம். மலைகளும் ஏரிகளும் பால் பண்ணைகளும் மூடிக் கிடக்கும் ஆலைகளும் உள்ள பகுதி. அங்கே இதாகா என்ற சிற்றூரில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

1980களின் பிற்பாதியில் அங்கே சத்துணவியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார் கேத்தி ராடிமர். வழிகாட்டிகளில் கிறிஸ்டின் ஓல்சனும் கேத்தி கேம்ப்பெலும் இருந்தார்கள். பசி என்றால் என்ன என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதை ஏற்கெனவே தெரிந்ததாக வைத்துக்கொண்டு எல்லோரும் அளக்கக் கிளம்பியிருந்தார்கள். இவர்கள் ஒரு படி பின்னால் போனார்கள்.

யாருக்குத் தெரியும்? பசித்தவர்களுக்குத் தெரியும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. அந்தத் துறையில் அதுவரை யாரும் அப்படி முறையாகத் தொடங்கவில்லை. கையில் கேள்வித்தாளோடு போய்க் கட்டத்தில் குறியிடுவதுதான் வழக்கம். ராடிமர் கட்டங்கள் இல்லாமல் போனார். கிராமத்திலும் நகரத்திலுமாக, வருமானம் குறைந்த 32 பெண்களிடம் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். பேச்சு அவர்கள் இழுத்த வழியில் போனது.

அந்த 32 பேரின் பேச்சிலிருந்து வெளிப்பட்டது என்ன என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது: பசி வயிற்றில் தொடங்குவதில்லை, மனதில் தொடங்குகிறது. இன்னும் அலமாரியில் டப்பா இருக்கிறது. இன்று எல்லோரும் சாப்பிட்டாயிற்று. ஆனால் கையில் அடுத்த காசு வருவதற்குள் இது தீர்ந்துவிடுமே என்ற கவலை நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. எந்தத் தராசிலும் ஏறாத இந்தக் கவலையைப் பெண்கள் பசியின் பகுதியாகவே பேசினார்கள்.

இரண்டாவது: அளவு குறைவதற்கு முன் தரம் குறைகிறது. பழம் நிற்கிறது, இறைச்சி நிற்கிறது. ஒரே மாவுப் பண்டம் நாள் தவறாமல் தட்டில் விழுகிறது. வயிறு நிறைகிறது, சாப்பிட்ட திருப்தி இல்லை.

மூன்றாவது: சாப்பாடு கிடைக்கும் வழியும் பசியோடு சேர்ந்ததுதான். கடன் சொல்லி வாங்குவது, உறவினர் வீட்டுக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போவது, இலவசப் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்பது. உணவு வந்து சேர்ந்தது. அதோடு மானம் கொஞ்சம் போனது.

நான்காவதாகத்தான் அளவு. தட்டில் குறைவது, வேளை தப்புவது, முழு நாளும் ஒன்றும் இல்லாமல் போவது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருந்தது. வரிசை.

பசி ஒரு வீட்டுக்குள் எல்லோர் மேலும் ஒரே நாளில் விழுவதில்லை. முதலில் வீடு கவலைப்படுகிறது. பிறகு சாப்பாடு மலிவாகிறது. பிறகு பெரியவர்கள், பெரும்பாலும் தாய், தன் தட்டில் குறைத்துக்கொள்கிறாள். எனக்குப் பசியில்லை என்கிறாள். அவளால் இனி குறைக்கவே முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் குழந்தையின் தட்டில் கைவைக்கப்படுகிறது. குழந்தை பசித்திருக்கும் வீட்டில் தாய் எப்போதோ பட்டினி.

ராடிமர் இதைத் திட்டமிட்டு நடத்தப்படும் ஒரு செயலாகக் கண்டார். பசி ஒரு வீட்டைத் தாக்கும்போது அந்த வீட்டுப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. எதை முதலில் விடுவது, யாரைக் கடைசி வரை காப்பது என்று தினமும் தீர்மானிக்கிறாள்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மாவை, சட்டியின் அடியைச் சுரண்டிப் போட்டுக்கொள்ளும் பாட்டியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அரைவயிறு, கால்வயிறு என்று அளவே நம் பேச்சில் இருக்கிறது. ஆனால் பார்த்தது வேறு. அதை அரசாங்கம் மறுக்க முடியாத அளவையாக மாற்றுவது வேறு. அந்த 32 பெண்களும் வீட்டுக்குள் அறிந்து வைத்திருந்ததுதான் பின்னால் ஒரு நாட்டின் அளவுகோல் ஆனது.

அவர்கள் பேசிய சொற்களிலிருந்தே ராடிமர் வாக்கியங்களை உருவாக்கினார். அவற்றை இன்னும் 189 பெண்களிடம் கொடுத்துச் சோதித்தார். 1990இல் அந்த ஆய்வு சத்துணவியல் இதழில் வெளிவந்தது.

அதே காலத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரிலிருந்து இன்னொரு முயற்சி கிளம்பியிருந்தது. ஷெரில் வேலரும் அவருடைய குழுவினரும் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள ஏழை வீடுகளில் 8 கேள்விகள் கேட்டார்கள். ஐந்துக்கோ அதற்கு மேலோ ஆம் என்றால் அது பசித்த வீடு. 1991இல் அவர்களுடைய முடிவு வெளியானது: 12 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 55 லட்சம் குழந்தைகள். ஏழைகளுக்காக வாதாடும் அமைப்பு ஒன்று நடத்திய ஆய்வு என்று சொல்லி அதை ஒதுக்க முயன்றவர்கள் உண்டு. ஆனால் வீடு வீடாகக் கேட்டு வந்த எண்ணை, ஊகத்தில் வந்த எண்ணைப் போல அத்தனை எளிதாகத் தள்ள முடியவில்லை.

★

படித்துறை

1990இல் சட்டம் ஒன்று வந்தது. நாட்டின் சத்துணவு நிலையைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன் கீழ் போடப்பட்ட பத்தாண்டுத் திட்டத்தில், உணவுப் பாதுகாப்பின்மையை வரையறுத்து நாடு முழுதும் ஒரே முறையில் அளக்க வழி காண வேண்டும் என்று எழுதப்பட்டது.

1994 ஜனவரியில் வாஷிங்டனில் ஒரு மாநாடு கூடியது. கார்னெல்காரர்கள் வந்தார்கள், நியூ ஹேவன் ஆய்வின் ஆட்கள் வந்தார்கள், புள்ளியியலாளர்கள் வந்தார்கள், வேளாண் துறையும் சுகாதாரத் துறையும் உட்கார்ந்தன. பெண்களின் பேச்சிலிருந்து வந்த வாக்கியங்களும் குழந்தைகளுக்கான 8 கேள்விகளும் ஒரே மேசைக்கு வந்தன.

ஆனால் கேள்விகள் இருந்தால் மட்டும் அளவுகோல் ஆகிவிடாது. பத்துக் கேள்விக்கு ஆம் என்ற வீடு, ஐந்துக்கு ஆம் என்ற வீட்டைவிட இரண்டு மடங்கு பசித்ததா? கவலைப்பட்டேன் என்பதும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்பதும் ஒரே எடையா?

இங்கேதான் டென்மார்க்கின் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் வருகிறார். வாசிப்புத் தேர்வுகளை ஆராய்ந்த அவர், மாணவரின் திறமையையும் கேள்வியின் கடுமையையும் ஒரே கோட்டில் வைத்து அளக்கும் முறையை 1960இல் நூலாக வெளியிட்டிருந்தார். பசிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கோயில் குளத்தின் படித்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது படியில் தண்ணீர் நிற்கிறது என்றால், அதற்குக் கீழே உள்ள ஒன்பது படிகளும் மூழ்கியிருக்கின்றன என்பதை யாரும் இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை. குழந்தைக்கு ஒரு வேளை தப்பியது என்று ஒரு தாய் சொன்னால், அவள் தன் வேளையைத் தவறவிட்டிருப்பாள், மலிவானதையே வாங்கியிருப்பாள், கவலைப்பட்டிருப்பாள். கேள்விகள் படிகள், தண்ணீர் பசி. எல்லா வீட்டிலும் படிகள் ஏறக்குறைய இதே வரிசையில் மூழ்கினால்தான் இது அளவுகோல்.

மூழ்குமா? அதை நாடு முழுதும் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

★

1995 ஏப்ரல்

வேலையில்லாதவர்கள் எத்தனை பேர் என்று மாதாமாதம் கண்டுபிடிக்க அமெரிக்க சென்சஸ் துறை ஓர் ஆய்வு நடத்துகிறது. மீஸ் காலத்தில் இல்லாத எண் இப்போது அதன் தோளில் ஏறியது. 1995 ஏப்ரலில் ஏறக்குறைய 45,000 வீடுகளில், வேலை பற்றிய கேள்விகள் முடிந்த கையோடு சாப்பாடு பற்றிய கேள்விகள் தொடங்கின.

பெரிய பட்டியலாகப் போன கேள்விகளில் சலித்தெடுத்து நிலைத்தவை 18. பெரியவர்களும் வீடும் பற்றி 10. குழந்தைகள் பற்றி 8. கடந்த 12 மாதங்களில் நடந்தவை மட்டும். பலவற்றின் பின்னாலும் ஒரு துணைக் கேள்வி: இது அநேகமாக எல்லா மாதமும் நடந்ததா, சில மாதங்களிலா, ஓரிரு மாதங்களில் மட்டுமா?

ஒவ்வொரு கேள்வியிலும் விடாமல் வரும் ஒரு நிபந்தனை உண்டு: காசில்லாததால். இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் அத்தனை ஆண்டு வாக்குவாதமும் இருக்கிறது. உடம்பு இளைக்கச் சாப்பாட்டைக் குறைப்பவர், விரதம் இருப்பவர், வேலை மும்முரத்தில் மதியச் சாப்பாட்டை மறந்தவர், இவர்கள் யாரும் இந்தக் கணக்குக்குள் வரக்கூடாது. இலவசம் என்பதற்காகப் போகிறார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி கேள்விக்குள்ளேயே பதில் வைத்துக் கட்டினார்கள்.

வில்லியம் ஹாமில்டனும் ஜான் குக்கும் முன்னின்று அந்தப் பதில்களை ராஷின் கோட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். படிகள் வரிசையாக மூழ்கின. கவலை அடியில் இருந்தது. மலிவுச் சாப்பாடு அதற்கு மேல். பெரியவர்களின் வேளை தப்புவது இன்னும் மேல். எல்லாவற்றுக்கும் உச்சியில், குழந்தை ஒரு முழு நாளும் சாப்பிடாமல் இருந்தது. வடக்கு நியூயார்க்கின் 32 பெண்கள் சொன்ன வரிசை நாட்டின் வரிசையாக நின்றது.

1997 செப்டம்பரில் அறிக்கை வெளியானது. அமெரிக்க வீடுகளில் 11.9 சதவீதம், அதாவது சுமார் 1.2 கோடி வீடுகள், உணவுப் பாதுகாப்பு இல்லாதவை. நாட்டின் மொத்த வீடுகளில் 4.1 சதவீதத்தில் பசியே இருந்தது.

கணக்கு எங்கே என்று கேட்டார்களே, 14 ஆண்டு கழித்து இதோ வந்தது.

★

யாருடைய சொல்?

கணக்கு வந்ததும் முதலில் கண்ணில் அறைந்தது நிறம். கறுப்பினக் குடும்பங்களிலும் ஹிஸ்பானியக் குடும்பங்களிலும் இந்த அவதி வெள்ளையர் குடும்பங்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அந்த இடைவெளி இன்றும் மூடவில்லை. 2023இல் நாட்டுச் சராசரி 13.5 சதவீதம், வெள்ளையர் வீடுகளில் 9.9, ஹிஸ்பானியர் வீடுகளில் 21.9, கறுப்பினத்தவர் வீடுகளில் 23.3.

டெல்டாவில் கென்னடி கண்ணால் கண்டது இப்போது ஒரு நெடுவரிசை அட்டவணை. கண்ணீரை மறந்துவிடுவார்கள். அட்டவணை ஆண்டுதோறும் திரும்பி வந்து கதவைத் தட்டும்.

ஆனால் அட்டவணைக்குள் இடம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். ஆண்டறிக்கையில் இனவாரியான வரிசைகள் சில: வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பிறர். அந்தப் ‘பிறர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அமெரிக்கப் பழங்குடிகளும், ஆசியர்களும், பசிபிக் தீவினரும் மொத்தமாக அடைக்கப்பட்டார்கள். எண்ணிக்கை சிறிது, ஓராண்டு மாதிரியில் தனியாகப் பிரித்தால் நம்பகமாக வராது என்பது புள்ளியியல் காரணம். காரணம் சரிதான். விளைவு?

2016 முதல் 2021 வரையான ஆண்டுகளைச் சேர்த்து வேளாண் துறையே பிற்பாடு பிரித்துப் பார்த்தபோது, ஆசிய வீடுகளில் 5.4 சதவீதமும் பழங்குடி வீடுகளில் 23.3 சதவீதமும் வந்தது. ஒரே சொல்லுக்குள் இருந்த இரண்டு உலகங்கள். நாட்டிலேயே மிகக் குறைவான பசியும் மிக அதிகமான பசியும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, பல ஆண்டு ஒரே வரியில் படுத்திருந்தன.

வீடே இல்லாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை. வீடுகளில் நடத்தும் ஆய்வு அல்லவா?

அடுத்தது சொற்கள். சத்து சரிவிகிதமாக அமைந்த சாப்பாடு சாப்பிட முடியவில்லை என்பது 18 கேள்விகளில் ஒன்று. வாஷிங்டனில் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். பள்ளிப் பாடத்தில் படித்த சொல். ஹவாய் தீவுகளில், சோற்றையும் மீனையும் கிழங்கையும் நம்பிய ஒரு சமோவாக் குடும்பத்துக்குச் ‘சரிவிகிதம்’ என்றால் என்ன?

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஜோடா டெரிக்சன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். பிலிப்பினோ, ஹவாயியர், சமோவர் வீடுகளில் இந்த அளவுகோல் செல்லுமா என்று சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார். மொத்தத்தில் செல்லும் என்று வந்தது. படிகள் அங்கேயும் ஏறக்குறைய அதே வரிசையில் மூழ்கின. ஆனால் அந்தச் சரிவிகிதக் கேள்வி இடறியது. கலிஃபோர்னியாவில் கெயில் ஹாரிசனும் குழுவினரும் ஸ்பானிய மொழி வடிவத்தை உருவாக்கியபோதும் அதே கல் காலில் தட்டியது. வெவ்வேறு நாட்டிலிருந்து வந்த ஸ்பானிய மொழிக்காரர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் என்னவாகப் புரிந்துகொண்டீர்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்த வடிவம் உருவாயிற்று. 2003இல் அது வெளிவந்தது.

ராடிமர் வடக்கு நியூயார்க்கில் செய்ததையே அவர்கள் தங்கள் ஊரில் மறுபடி செய்தார்கள். அளவுகோலை எடுத்துப் போவதற்கு முன், அங்கே பசித்தவர்களைப் பேசவிட்டார்கள்.

மொழியைத் திருத்திவிடலாம். அச்சத்தை என்ன செய்வது? 1996இல் வந்த நலத்திட்டச் சட்டம், முறையாகக் குடியேறி வாழ்ந்தவர்கள் பலரையும் ஃபுட் ஸ்டாம்பிலிருந்து வெட்டி எறிந்திருந்தது. அப்படிப்பட்ட வீட்டின் வாசலில் அரசாங்க அடையாள அட்டையோடு ஒருவர் நின்று, காசில்லாததால் உங்கள் பிள்ளை பட்டினி கிடந்ததா என்று கேட்கிறார். ஆம் என்றால் என்ன ஆகும்? பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தகுதியில்லாத தாய் என்று எழுதிக்கொள்வார்களோ? பிள்ளையையே பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களோ? இல்லை என்று சொல்லிக் கதவை மூடுவதுதான் அவளுக்குப் பாதுகாப்பு.

உச்சிப் படி மூழ்கியிருக்கும். கணக்கில் காய்ந்து தெரியும்.

★

ஒரு சொல்லின் மேல் விழுந்த கை

1997 அறிக்கையின் தாக்கம் இதோடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் அந்த எண் வெளியானது. ஆண்டுதோறும் நாளேடுகளின் தலைப்பில் ஒரு சொல் ஏறியது: பசி. உணவுப் பாதுகாப்பின்மை என்ற நீண்ட துறைச்சொல்லை யாரும் தலைப்பில் போடுவதில்லை. அட்டவணையின் கடைசி வரியில், ‘பசியோடு கூடிய’ என்று இருந்ததே, அதைத்தான் எடுத்தார்கள்.

அந்தச் சொல் சிலரை உறுத்தியது. எல்லோரும் உள்நோக்கத்தோடு கேட்டவர்கள் அல்ல. பசி என்பது ஓர் ஆளின் உடம்பில் எழும் உணர்வு. வீட்டுக்கு வயிறு உண்டா? 18 கேள்விகள் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்கின்றன. அதிலிருந்து, இத்தனை பேர் பசித்திருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்லலாம்? புள்ளியியலாளர்களிடமிருந்து வந்த இந்தக் கேள்விக்கு அறிவியல் அளவில் எடை இருந்தது.

2003இல் வேளாண் துறை இதைத் தேசிய அறிவியல் கழகத்திடம் அனுப்பியது. அளவுகோல் சரியா, கேள்விகள் சரியா, சொற்கள் சரியா என்று பார்த்துச் சொல்லச் சொன்னது. புள்ளியியலாளர்களும் பொருளியலாளர்களும் சத்துணவியலாளர்களும் அடங்கிய குழு ஒன்று கூடியது.

2025 செப்டம்பரில் இந்த ஆண்டறிக்கையையே நிறுத்தப்போவதாக அதே வேளாண் துறை அறிவித்தது. இந்தத் தொடரை எழுத என்னைத் தூண்டியது அந்த அறிவிப்புதான். அந்த இடத்துக்கு நாம் போய்ச் சேர இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்கு முன், எண்ணைத் தொடாமல் சொல்லை மட்டும் தொட்ட அந்தக் குழுவின் அறைக்குள் போக வேண்டும்.

பசி என்ற சொல்லை அந்த அட்டவணையில் சேர்க்கும்படி வடக்கு நியூயார்க்கின் 32 பெண்களும் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் அந்த அட்டவணையின் படி வரிசை அவர்கள் பேச்சிலிருந்து எழுந்தது. இப்போது 2006. குழுவின் முடிவு அச்சுக்குப் போகிறது. தன் தட்டைக் காலி செய்து பிள்ளையின் தட்டை நிரப்பிய அந்தத் தாய்க்கு, அரசாங்கம் இனி என்ன பெயர் வைக்கப் போகிறது?

(தொடரும்)